ஹார்மோன் குறையும் வயதில் புரோஸ்டேட் ஏன் வளர்கிறது?

புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 67 வயது. இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறார், போனாலும் முழுசாகப் போன திருப்தி இல்லை. ஸ்கேன் எடுத்ததில் புரோஸ்டேட் சுரப்பி பெரிதாகியிருக்கிறது, புற்றுநோய் இல்லை என்று சொல்லித் தாம்சுலோசின், ஃபினாஸ்டரைடு என்று இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஆகிறது. இப்போது அப்பா, "வயசானா ஆண் ஹார்மோன் குறையுதுன்னு சொல்றாங்க. குறையுற ஹார்மோனால ஒரு சுரப்பி எப்படிப்பா வளரும்?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தி, ஆண்மையைக் கூட்டும் என்று விற்கப்படும் தோங்காட் அலி என்ற மூலிகை கலந்த காப்பிக்கு மாறப் போவதாகச் சொல்கிறாராம். உயிரியல் படித்த பிள்ளை என்பதால் தம்பியின் கேள்வி இன்னும் ஒரு படி உள்ளே போகிறது: அந்தச் செல்களுக்கு "வளர்" என்று சொல்வது எந்தச் சமிக்ஞை?

நான் மருத்துவர் இல்லை. பினாங்கில் ஆய்வுக்கூடத்தில் செல் சமிக்ஞைகளோடு வேலை பார்த்தவன். அதனால் சிகிச்சை முடிவுகளை உங்கள் டாக்டரிடமே விட்டுவிட்டு, உள்ளே நடப்பதை மட்டும் சொல்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் அப்பா அந்த மாத்திரையை நிறுத்த மாட்டார் என்று நம்புகிறேன்.

முதலில் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் கேட்டது சரியான கேள்வி. ஆய்வாளர்களே பல ஆண்டுகள் அதில் தடுமாறினார்கள். சுருக்கமான பதில்: ஆண் ஹார்மோன் இல்லாமல் புரோஸ்டேட் வளராது. ஆனால் ஹார்மோன் கூடுவதால் அது வளர்வதில்லை. ஹார்மோன் தருவது அனுமதி. வளரச் சொல்லும் கட்டளை சுரப்பிக்குள்ளேயே, ஒரு வகைச் செல் இன்னொரு வகைச் செல்லுக்கு அனுப்புவது. வயதாகும்போது கெட்டுப்போவது இந்த உள்பேச்சுதான்.

எங்கே வளர்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஜான் மெக்னீல் என்ற நோய்க்கூற்றியல் அறிஞர் இந்தச் சுரப்பியை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். சிறுநீர்க்குழாயை ஒட்டி இருபக்கமும் இருக்கும் இடைநிலை மண்டலம், இளைஞர்களின் சுரப்பியில் 5 விழுக்காடுதான். தீங்கில்லாத வீக்கம் தொடங்குவது அந்தச் சிறிய பகுதியில். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது வெளிப்புற மண்டலத்தில். இரண்டும் ஒரே சுரப்பியில் நடந்தாலும் இடமும் வேறு, வழியும் வேறு. இந்த வீக்கம் முற்றிப் புற்றுநோயாக மாறுவதில்லை. ஒருவருக்கே இரண்டும் தனித்தனியாக வரலாம் என்பதால்தான், புரோஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை இரத்தத்தில் அளக்கும் சோதனையை டாக்டர் தொடர்ந்து பார்க்கிறார்.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்று அப்பாவுக்குச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். 1984இல் வெளியான பிணக்கூறாய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, 30 வயதுக்குக் கீழே இது ஒருவருக்கும் இல்லை. 50களில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நுண்ணோக்கியில் தெரிகிறது. 80ஐத் தாண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கிறது. எல்லாருக்கும் தொந்தரவு வருவதில்லை, அது வேறு கணக்கு.

இனி ஹார்மோனுக்கு வருவோம். விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தின் வழியாகப் புரோஸ்டேட்டுக்கு வருகிறது. அங்கே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. டிஎச்டி என்று சுருக்கமாகச் சொல்வோம். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன்தான் அதிகம், டிஎச்டி அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். புரோஸ்டேட்டுக்குள் இந்தக் கணக்கு தலைகீழ். ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தோடு இரண்டும் ஒட்டும். ஆனால் டிஎச்டி இன்னும் இறுக்கமாக ஒட்டும், எளிதில் விடாது. ஒட்டியதும் அந்த ஏற்பி தன்னைப் பிடித்து வைத்திருந்த துணைப்புரதங்களிலிருந்து விடுபட்டு, செல்லின் உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் தனக்கென்று உள்ள இடங்களில் உட்கார்ந்து மரபணுக்களைத் தூண்டுகிறது. சோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ புரதமும் அப்படித் தூண்டப்படும் ஒரு மரபணுவின் விளைவுதான்.

இந்த நொதி எவ்வளவு முக்கியம் என்று உலகுக்குத் தெரிந்தது ஒரு தீவுக் கிராமத்திலிருந்து. 1974இல் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி குழுவினர் டொமினிக்கன் குடியரசில் ஒரு பரம்பரையை ஆராய்ந்து எழுதினார்கள். அங்கே சில ஆண்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யவில்லை. பிறக்கும்போது பெண்குழந்தை போலத் தெரிந்து, பருவம் வந்தபோது ஆணுக்குரிய உடல் மாற்றங்கள் வந்தன. டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தது, டிஎச்டி மட்டும் மிகக் குறைவு. பெரியவர்களான பிறகும் அவர்களுடைய புரோஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. இந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன ஆகும் என்ற யோசனை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைடு, அப்பா இன்று விழுங்கும் அதே மாத்திரை, அந்தக் கிராமத்துக் குடும்பங்களுக்குக் கடன்பட்டது. இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1960இல் சீனாவில், பழைய அரண்மனையில் சேவை செய்த, இளம் வயதிலேயே விரை நீக்கப்பட்ட முதியவர்களை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் புரோஸ்டேட் கைக்குத் தட்டுப்படவே இல்லை.

ஆக, ஹார்மோன் இல்லாவிட்டால் வீக்கம் இல்லை. இதிலிருந்து "அப்படியானால் ஹார்மோன் கூடினால் வீக்கம்" என்று முடிவுகட்டுவது எளிது. பலர் அப்படித்தான் முடிவுகட்டினார்கள். வீங்கிய சுரப்பியில் டிஎச்டி பல மடங்கு கூடியிருக்கிறது என்று 1970இல் ஓர் ஆய்வு வந்தது. அது பாடநூல்களிலும் ஏறியது. 1983இல் பேட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவரின் குழு ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தது. பழைய ஆய்வில் வீங்கிய திசு அறுவைச் சிகிச்சை மேசையிலிருந்து புதிதாக எடுக்கப்பட்டது. ஒப்பிடுவதற்கான சாதாரணத் திசுவோ இறந்தவர்களின் உடலிலிருந்து வந்தது. இறந்த பிறகு திசுவில் டிஎச்டி அளவு இறங்கிவிடுகிறது. உயிரோடு இருப்பவர்களின் சாதாரணத் திசுவை அறுவையின்போதே எடுத்து அளந்து பார்த்தார்கள். வீங்கியதிலும் வீங்காததிலும் அளவு ஒன்றேதான். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று. இன்னும் பல துண்டுப்பிரசுரங்கள் "டிஎச்டி அதிகமானதால்" என்றே அச்சடிக்கின்றன. அப்பாவைக் குழப்பியது அந்த வாசகம்தான் என்று நினைக்கிறேன். அவருடைய சந்தேகம் நியாயமானது, அந்த வாசகம்தான் தவறு.

அப்படியானால் வளரச் சொல்வது யார்? இங்கேதான் சுரப்பியின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

புரோஸ்டேட்டில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு. ஒன்று, குழாய்களின் உட்சுவராக அமைந்து திரவம் சுரக்கும் எபிதீலியச் செல்கள். மற்றொன்று, அந்தக் குழாய்களைச் சுற்றி நிரம்பியிருக்கும் தாங்குதிசு. ஸ்ட்ரோமா என்று எழுதியிருப்பார்கள். இதில் நார்ச்செல்களும் மென்தசைச் செல்களும் இருக்கும். பார்ப்பதற்குத் தாங்குதிசு வெறும் அடைசல் போலத்தான் இருக்கும். அதனால் நீண்ட காலம் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

ஜெரால்ட் குன்ஹா என்ற ஆய்வாளர் செய்த சோதனைகள் அந்த எண்ணத்தை மாற்றின. ஆண்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத ஒரு வகை எலி இருக்கிறது. அவர் எலிக் கருவிலிருந்து புரோஸ்டேட்டாக வளரப்போகும் பகுதியை எடுத்து, தாங்குதிசுவையும் எபிதீலியத்தையும் பிரித்து, மாற்றி மாற்றிச் சேர்த்தார். தாங்குதிசுவில் ஏற்பி நன்றாக இருந்து எபிதீலியத்தில் இல்லாதபோதும் புரோஸ்டேட் உருவாயிற்று. தாங்குதிசுவில் ஏற்பி இல்லாமல் எபிதீலியத்தில் மட்டும் இருந்தபோது உருவாகவே இல்லை. அதாவது ஹார்மோனின் வளர்ச்சிச் செய்தியைக் கேட்பது தாங்குதிசு. எபிதீலியம் அதனிடமிருந்து வேறு மொழியில் கட்டளை வாங்குகிறது. பிஎஸ்ஏ போன்ற புரதங்களைச் சுரக்க மட்டும் எபிதீலியத்துக்குத் தன் சொந்த ஏற்பி தேவைப்படுகிறது.

தோட்டத்தில் வேலை பார்த்த தலைமுறையில் அப்பாவின் பெற்றோர் இருந்திருந்தால் அவருக்கு இது சட்டென்று புரியும். பால்மரத் தோட்டத்தில் துரை நேராகத் தொழிலாளியிடம் பேசுவதில்லை. கங்காணியிடம் சொல்வார், கங்காணி ஆளைக் கூட்டுவார். ஹார்மோன் துரை, தாங்குதிசு கங்காணி, எபிதீலியம் தொழிலாளி. துரை வருவது குறைந்த பிறகும் கங்காணி தன்னிஷ்டத்துக்கு ஆளைச் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகுமோ, அதுதான் வயதாகும்போது இந்தச் சுரப்பியில் நடக்கிறது.

கங்காணியின் கட்டளை என்பது வளர்ச்சிக் காரணிகள் என்ற சிறு புரதங்கள். அவற்றில் முதலில் நிற்பது எஃப்ஜிஎஃப் குடும்பம். தாங்குதிசு எஃப்ஜிஎஃப்-7, எஃப்ஜிஎஃப்-10 இரண்டையும் வெளியிடுகிறது. அவற்றைப் பிடித்துக்கொள்ளும் எஃப்ஜிஎஃப் ஏற்பி-2இன் ஒரு வடிவம் எபிதீலியச் செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது. கட்டளை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதற்காகவே அமைந்த ஏற்பாடு. காரணி வந்து ஒட்டியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து செல்லுக்குள் இரண்டு பெரிய பாதைகள் கிளம்புகின்றன. ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டிக்கொண்டு போகும் பாதை உட்கருவில் முடிந்து, சைக்ளின்-டி1 போன்ற புரதங்களைக் கூட்டுகிறது, செல் பிரியத் தயாராகிறது. பிஐ3-கைனேஸ், ஏகேடி, எம்டோர் வழியாகப் போகும் மற்றது புரத உற்பத்தியைக் கூட்டுகிறது, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அடக்கி வைக்கிறது. ஒரு பாதை பெருகச் சொல்கிறது, மற்றது சாகாதே என்கிறது.

வீங்கிய சுரப்பிகளில் எஃப்ஜிஎஃப்-7 கூடியிருப்பதும், அது கூடிய அளவுக்கு எபிதீலியச் செல்களின் பெருக்கம் கூடுவதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கின்றன. எஃப்ஜிஎஃப்-2 என்ற உறவினரும் கூடுகிறது. ஆனால் அதைத் தாங்குதிசு தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறது, அதனால் தாங்குதிசுவும் பெருகுகிறது. ஐஜிஎஃப்-1, ஐஜிஎஃப்-2 என்ற இன்சுலின் போன்ற காரணிகளும் இதே இரண்டு பாதைகளைத்தான் தூண்டுகின்றன. அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு.

இங்கே எனக்கு வியப்பளிப்பது, கட்டளை ஒருவழிப் பாதையாக இல்லை என்பதுதான். எபிதீலியச் செல்கள் பதிலுக்கு இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா என்ற, அழற்சியில் பங்குள்ள சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுகின்றன. அது தாங்குதிசுவை இன்னும் எஃப்ஜிஎஃப்-7 சுரக்கச் செய்கிறது. இன்டர்லூக்கின்-8ஐ வெளியிடுகின்றன, அது எஃப்ஜிஎஃப்-2ஐக் கூட்டுகிறது. இப்படி ஒன்றை ஒன்று தூண்டும் வளையம் ஒருமுறை உருவாகிவிட்டால், அது சுற்றிக்கொண்டே இருக்க ஹார்மோன் கூட வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிற அளவு போதும். அப்பாவின் கேள்விக்கு மூலக்கூறு அளவிலான விடை இதுதான்.

மெக்னீல் 1978இலேயே இதை வேறு கோணத்தில் ஊகித்திருந்தார். வீக்கத்தின் ஆரம்ப முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, குழாய்களிலிருந்து புதிய மொட்டுகள் கிளைவிடுவதைக் கண்டார். அது கருவில் புரோஸ்டேட் உருவாகும்போது மட்டும் நடக்க வேண்டியது. பிறந்த பிறகு உறங்கிப்போன கருக்கால ஆற்றல், முதுமையில் ஒரு சிறு பகுதியில் மறுபடி விழித்துக்கொள்கிறது என்றார். மரபணுத் தொழில்நுட்பம் இல்லாத காலத்தில், கண்ணால் பார்த்து மட்டும் சொன்னது அது. பின்னால் கண்டறியப்பட்ட எஃப்ஜிஎஃப் கட்டளைகளும் கருவளர்ச்சியில் பயன்படுபவைதான்.

இனி மறுபக்கம். வளர்ச்சி என்பது பிறப்பும் இறப்பும் சேர்ந்த கணக்கு. வீங்கிய சுரப்பியில் செல்கள் புற்றுநோயில் போலத் தறிகெட்டுப் பிரிவதில்லை, பிரியும் வேகம் குறைவுதான். ஆனால் சாக வேண்டிய செல்கள் சாவதும் குறைகிறது. பிசிஎல்-2 என்ற, செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் அங்கே கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததால்தான் 40களில் தொடங்கியது 60களில் தொந்தரவாகிறது.

இந்த இறப்புக் கணக்கில் டிஜிஎஃப்-பீட்டா என்ற காரணியின் பங்கு விசித்திரமானது. எபிதீலியச் செல்லில் அது ஸ்மாட் என்ற புரதங்கள் வழியாகப் பிரிவதை நிறுத்துகிறது, சாகவும் வைக்கிறது. எலிக்கு விரை நீக்கினால் புரோஸ்டேட்டில் டிஜிஎஃப்-பீட்டா ஏறுகிறது, எபிதீலியச் செல்கள் கூட்டமாக மடிகின்றன. அதே காரணி தாங்குதிசுவில் இருக்கும் நார்ச்செல்லைத் தொட்டால், அதைச் சுருங்கும் தன்மையுள்ள தசைநார்ச் செல்லாக மாற்றிக் கொலாஜன் நாரை நெய்ய வைக்கிறது. சுரப்பி கட்டியாகிறது, இளகுதன்மை போகிறது. ஒரே கையெழுத்து, இரண்டு வீட்டில் இரண்டு விளைவு. வீக்கத்தை மருந்தால் முழுமையாகக் கரைக்க முடியாமல் போவதற்கு இந்த நார்ப்பகுதி ஒரு பெரிய காரணம். ஃபினாஸ்டரைடு சுருக்குவது முக்கியமாக எபிதீலியத்தை.

ஈஸ்ட்ரோஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்களின் உடலிலும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. வயதாகும்போது டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது, ஈஸ்ட்ரோஜன் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. கொழுப்புத் திசு கூடினால் அது ஏறவும் செய்யும். விகிதம் மாறுகிறது. மனிதனைப் போலவே இயற்கையாகப் புரோஸ்டேட் வீக்கம் வரும் விலங்கு நாய். விரை நீக்கிய நாய்களில் ஆண்ட்ரோஜனோடு ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்துக் கொடுத்தபோது வீக்கம் பெரிதாக வந்தது என்பது 1970களிலேயே தெரிந்தது. ஈஸ்ட்ரோஜனுக்கு ஏற்பி ஆல்ஃபா, ஏற்பி பீட்டா என்று இரண்டு. தாங்குதிசுவில் உள்ள ஆல்ஃபா பெருகச் சொல்கிறது, எபிதீலியத்தில் உள்ள பீட்டா அடக்குகிறது. "குறைந்த ஹார்மோன்" என்று அப்பா சொல்வதில் இந்தப் பாதியும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், கங்காணியைக் கெடுப்பதில் இன்னும் போதிய கவனம் பெறாத காரணம் அழற்சி. வீங்கிய புரோஸ்டேட்டிலிருந்து எடுத்த திசுக்களில் நாள்பட்ட அழற்சி மிகப் பரவலாகக் காணப்படுகிறது. டி-லிம்ஃபோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற நோய்த்தடுப்புச் செல்கள் குவிந்து, இன்டர்லூக்கின்-6, 8, 17 போன்றவற்றைக் கொட்டுகின்றன. மேலே சொன்ன வளையத்துக்கு இவை எண்ணெய் ஊற்றுகின்றன. சிறுநீர் பின்னோக்கிக் கசிவதா, பழைய தொற்றா, உடற்பருமனா, தொடக்கம் பலவாக இருக்கலாம்.

இதில் ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. ஆரியா ஓலூமி குழு அமெரிக்காவில் செய்த ஆய்வுகள், சில ஆண்களின் புரோஸ்டேட்டில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் இரண்டாம் வகையின் மரபணுவே, மரபணுவை அணைத்து வைக்கும் மெத்தில் என்ற வேதிக்குறிகளால் மூடப்பட்டுக் கிடப்பதைக் காட்டின. அழற்சிச் சமிக்ஞைகள் அந்த மூடலுக்குத் துணைபோகின்றன. நொதியே இல்லாத இடத்தில் நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு என்ன செய்யும்? ஒருவருக்கு நன்றாக வேலை செய்யும் மாத்திரை இன்னொருவருக்குப் பெரிதாக உதவாததற்கு இது ஒரு காரணம். 2020இல் வந்த ஒரு பெரிய மரபணுத்தொகுப்பு ஆய்வும், இந்த வீக்கம் ஒரே நோயாக இல்லாமல் மூலக்கூறு அளவில் வெவ்வேறு வகைகளாகப் பிரிவதைக் காட்டியது. அதில் எம்டோர் பாதையைத் தடுக்கும் மருந்தை வேறு காரணத்துக்காக உட்கொண்டவர்களிடம் புரோஸ்டேட் சுருங்கியதற்கான தடயமும் இருந்தது. இன்று அது சிகிச்சையாக வரவில்லை. ஆனால் மேலே சொன்ன பாதைகள் வெறும் படங்கள் இல்லை என்பதற்கு அது சாட்சி.

இன்சுலினுக்கு வருவதாகச் சொன்னேன். நம் சமூகத்துக்கு இது மற்ற எதையும்விட நெருக்கமான விஷயம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம் என்பதை ஒவ்வொரு தாமானிலும் பார்க்கிறோம். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. கூடிய இன்சுலின், ஐஜிஎஃப்-1ஐப் பிடித்து வைக்கும் புரதங்களில் ஒன்றைக் கல்லீரலில் குறைக்கிறது. விடுபட்ட ஐஜிஎஃப்-1 புரோஸ்டேட்டில் அதே ஏகேடி, எர்க் பாதைகளைத் தட்டுகிறது. இரத்தத்தில் இன்சுலின் அதிகமுள்ளவர்களுக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களுக்கும் புரோஸ்டேட் வீக்கம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அப்பாவுக்குச் சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் கிளினிக் கெசிஹாத்தானில் எச்பிஏ1சி என்ற, கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையைப் பார்த்துவிடுங்கள். கட்டுப்படாத சர்க்கரையே இரவில் சிறுநீரைக் கூட்டும், அந்தப் பழியையும் புரோஸ்டேட் சுமந்துகொண்டிருக்கலாம்.

இப்போது அப்பாவின் இரண்டு மாத்திரை. இவை இரண்டும் இரண்டு வேறு சமிக்ஞைகளைத் தொடுகின்றன, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

தாம்சுலோசின் வளர்ச்சியைத் தொடுவதே இல்லை. புரோஸ்டேட்டின் மென்தசைச் செல்களில் ஆல்ஃபா-1ஏ ஏற்பிகள் உண்டு. நரம்பு விடும் நார்அட்ரினலின் அங்கே ஒட்டினால் செல்லுக்குள் கால்சியம் ஏறி, தசை இறுகி, சிறுநீர்க்குழாயை நெரிக்கிறது. தாம்சுலோசின் அந்த ஏற்பியை மறைத்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதனால் சில நாளிலேயே சிறுநீர் போவது எளிதாகும். அளவு மட்டும் அப்படியே இருக்கும்.

ஃபினாஸ்டரைடு கங்காணிக்குப் போகும் துரையின் அனுமதியைக் குறைக்கிறது. இரத்தத்தில் டிஎச்டி ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்குகிறது, சுரப்பிக்குள் இன்னும் அதிகம். அதன் பிறகு வளர்ச்சிக் கட்டளை மெலிந்து, செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்து, இடம் குறைய வேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். கிடைக்கும் சுருக்கமும் கொள்ளளவில் 20 முதல் 25 விழுக்காடு அளவில்தான். மூன்று மாதத்தில் அப்பா அளந்து பார்த்தது தாம்சுலோசினை மட்டுமே. ஃபினாஸ்டரைடு இன்னும் தன் வேலையின் நடுவில் இருக்கிறது. நிறுத்தினால் டிஎச்டி பழையபடி ஏறும், சுருங்கியதும் திரும்பும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஏன் என்பதற்கு 2003இல் வெளியான எம்டாப்ஸ் ஆய்வு நல்ல ஆதாரம். 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டு தொடர்ந்தார்கள். டாக்சசோசின் என்ற, தாம்சுலோசின் வகை மருந்து தனியாக நோய் முற்றும் அபாயத்தை 39 விழுக்காடு குறைத்தது. ஃபினாஸ்டரைடு தனியாக 34. இரண்டும் சேர்ந்தபோது 66. சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொள்வதையும் அறுவைச் சிகிச்சைக்குப் போவதையும் நீண்ட காலத்தில் குறைத்தது ஃபினாஸ்டரைடு இருந்த பிரிவுகள்தான். ஃபினாஸ்டரைடால் சிலருக்குத் தாம்பத்திய விருப்பமும் விறைப்பும் குறையலாம். அப்பா மாத்திரையை வெறுப்பதற்கு அதுகூட சொல்லாத காரணமாக இருக்கக்கூடும். மகனிடம் சொல்ல மாட்டார், டாக்டரிடம் தனியாகச் சொல்ல இடம் கொடுங்கள். மாற்று வழிகள் இருக்கின்றன.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஃபினாஸ்டரைடு ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்குப் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரியில் சோதனை செய்தால், இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் வந்த எண்ணை இரட்டிப்பாக்கிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் 3 என்று வந்த எண் நிம்மதி தரும், உண்மையில் அது 6 ஆக இருக்கலாம். பிஎஸ்ஏ இறங்காமல் ஏறினால் அதுவும் டாக்டர் கவனிக்க வேண்டிய செய்தி. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் தாம்சுலோசின் எடுப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் திரை தளர்ந்து சிக்கல் தரும் என்பது 2005இலிருந்து தெரிந்த விஷயம்.

தோங்காட் அலி பற்றி. "டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுமே, அதனால் புரோஸ்டேட் இன்னும் வீங்காதா" என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் இங்கே பொருந்தாது. 2006இல் லெனார்ட் மார்க்ஸ் குழு, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களுக்கு ஆறு மாதம் ஊசி வழியாக அதைக் கொடுத்தது. இரத்தத்தில் ஏறியது. புரோஸ்டேட் திசுவுக்குள் டெஸ்டோஸ்டிரோனும் டிஎச்டியும் குறிப்பிடும்படி மாறவில்லை. ஏற்பிகள் குறைந்த அளவிலேயே நிரம்பிவிடுகின்றன, அதற்குமேல் ஊற்றினால் கூடுதல் விளைவு பெரிதாக இல்லை. ஆனால் அதே காரணத்தால், தோங்காட் அலி இந்த வீக்கத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கவும் வழியில்லை. மேலே சொன்ன எந்த வளையத்தையும் அது மனிதப் புரோஸ்டேட்டில் உடைத்ததாக நம்பத்தகுந்த ஆதாரத்தை நான் பார்த்ததில்லை.

காப்பிப் பொட்டலத்தில் என்னைக் கவலைப்படுத்துவது வேறு. "ஆண்மைக் காப்பி" என்று விற்கும் பொருள்களில் சில்டனாஃபில், தாடலாஃபில் இனத்து விறைப்பு மருந்துகள் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு, நம் சுகாதார அமைச்சு எச்சரித்திருக்கிறது. தாம்சுலோசின் எடுக்கும் ஒருவர் தெரியாமல் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி விழுந்துவிடலாம். இதய வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவராக இருந்தால் உயிருக்கே ஆபத்து. வேடிக்கையாக, தாடலாஃபில் 5 மில்லிகிராம் அன்றாட அளவில் இந்த வீக்கத்தின் தொந்தரவுகளுக்கே 2011இலிருந்து அனுமதி பெற்ற மருந்து. தேவையானால் டாக்டர் அளந்து கொடுப்பார். அளவு தெரியாத காப்பியில் வேண்டாம். சா பால்மெட்டோ என்ற பனை வகையின் பழச்சாற்று மாத்திரையைப் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். 2006லும் 2011லும் வெளியான இரண்டு கவனமான ஆய்வுகளில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக எதையும் செய்யவில்லை.

பார்மசியில் சளி மருந்து வாங்கும்போதும் கவனம் வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின், தாம்சுலோசின் மறைக்க முயலும் அதே ஏற்பிகளைத் தூண்டிவிடும். தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் சிறுநீர்ப்பைத் தசையைச் சோர்வாக்கும். இரண்டும் சேர்ந்த மாத்திரை, புரோஸ்டேட் பெரிதாக உள்ளவருக்கு ஒரே இரவில் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். மருந்தாளரிடம் புரோஸ்டேட் பிரச்சினை இருப்பதைச் சொன்னால் வேறு தருவார்.

இரவு எழுவதைக் குறைக்க, மாலைக்குமேல் தே தாரிக்கையும் காப்பியையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் மூன்று கேளுங்கள்: ஸ்கேனில் சுரப்பியின் கொள்ளளவு எவ்வளவு, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது, மருந்து தொடங்குவதற்கு முன் பிஎஸ்ஏ எவ்வளவு. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஒப்பிட இந்த மூன்று எண்ணும் வேண்டும். ஓராண்டு ஒழுங்காக எடுத்தும் சுரப்பி சுருங்கவில்லை, தொந்தரவும் குறையவில்லை என்றால், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருக்கலாம் என்று டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசலாம், அறுவைச் சிகிச்சை வழிகள் பல இருக்கின்றன. சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அல்லது முட்டியும் ஒரு சொட்டு வராத நிலை வந்தால் சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.